நீல மனிதர்களும் காணாமல் போன ஒரு நொதியும்

இரத்தத்தின் நிறம் என்ன என்று கேட்டால் சின்னக் குழந்தை கூட சிவப்பு என்று சொல்லிவிடும். ஆனால் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில், சாக்லேட் நிற இரத்தமும் நீலத் தோலுமாக ஒரு குடும்பம் ஏறக்குறைய 150 வருடங்கள் வாழ்ந்திருக்கிறது! கட்டுக்கதை போலத் தெரியும். ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவான உண்மை இது.

1960களின் தொடக்கத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரத்தவியல் மருத்துவர் மாடிசன் கவேன், இந்த நீல மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஹசார்ட் என்ற சிற்றூருக்குப் போனார். ரூத் பெண்டர்கிராஸ் என்ற செவிலியர் அவருக்குத் துணையாக இருந்தார். இருவரும் மலைகளில் அலைந்து தேடியும் பெரிதாகப் பலன் இல்லை. ஒருநாள் ஒரு அண்ணனும் தங்கையும் தாங்களாகவே கிளினிக்குக்கு வந்து நின்றார்கள். இருவரும் நல்ல நீலம்! நோயை விட அவர்கள் முகத்தில் தெரிந்த கூச்சம்தான் கவேனுக்கு முதலில் பட்டதாம். ஊராரின் பார்வைக்குப் பயந்து ஒதுங்கியே வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள்.

நீலம் என்றவுடன் காலண்டரில் வரும் கண்ணனை நினைத்துக் கொள்ள வேண்டாம். பெரும்பாலோருக்கு அது சாம்பல் கலந்த ஒரு மங்கிய நீலம். உதடும் நகமும் மட்டும் அடர்த்தியாக இருக்கும். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருந்தாலும் உடல் நீலம் பாயும். ஆனால் இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பலர் எண்பது வயதைத் தாண்டி நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு ஏன் இந்த நிறம்?

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். (பயப்பட வேண்டாம், கொஞ்சம்தான்!) ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஃபெர்ரஸ் நிலையில் இருந்தால்தான் ஆக்சிஜனைச் சுமக்கும். ஒரு எலக்ட்ரானை இழந்து ஃபெர்ரிக் நிலைக்குப் போய்விட்டால் சுமக்காது. துருப்பிடித்த இரும்பு போல என்று வைத்துக் கொள்ளலாம், முழுக்கச் சரியான உவமை இல்லை என்றாலும். இப்படிக் கெட்டுப்போனதற்கு மெட்ஹீமோகுளோபின் என்று பெயர். நம் எல்லோர் உடலிலும் தினமும் 3 சதவீதம் வரை ஹீமோகுளோபின் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் இரத்தத்தில் அதன் அளவு சுமார் 1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. காரணம், சிவப்பணுவுக்குள் ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, இழந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தபடியே இருக்கிறது. அந்த நொதி சரியாக வேலை செய்யவில்லை என்றால் மெட்ஹீமோகுளோபின் சேர்ந்துகொண்டே போகும். 10 சதவீதத்தைத் தாண்டும்போது தோலில் நீலம் தெரிய ஆரம்பிக்கும். 70 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கென்டக்கி மக்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, நிறத்தோடு நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கவேன் ஹசார்டுக்குப் போவதற்குப் பல வருடங்கள் முன்பே இதற்கான விடை அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது. 1942ல் வட அயர்லாந்தின் லர்கன் ஊரில் ஜேம்ஸ் டீனி என்ற மருத்துவர், நீல நிறத்தில் இருந்த இரண்டு ஆண்களுக்கு வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார். முதல் ஆளுக்கு எட்டாம் நாளே மாற்றம் தெரிந்தது, பன்னிரண்டாம் நாள் நிறம் சாதாரணமாகிவிட்டது! இரண்டாமவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

மருந்து வேலை செய்தது சரி, ஏன் வேலை செய்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த குவென்டின் கிப்சன். அப்போது அவருக்கு முப்பது வயது கூட நிறையவில்லை. மெட்ஹீமோகுளோபினைச் சரிசெய்யச் சிவப்பணுவுக்குள் இரண்டு வழிகள் இருப்பதை அவர் கண்டார். ஒன்று தினமும் புழங்கும் ராஜபாட்டை. இன்னொன்று சாதாரணமாக யாரும் நடக்காத ஒற்றையடிப் பாதை. நீல மனிதர்களின் அணுக்களில் சர்க்கரை ஒழுங்காகவே எரிகிறது, எலக்ட்ரானும் கிடைக்கிறது. அதை வாங்கி மெட்ஹீமோகுளோபினிடம் கொடுக்கிற நொதியில்தான் குறை. ஆனால் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்தால் அந்த ஒற்றையடிப் பாதை திறந்துகொள்கிறது, வேலை மளமளவென்று நடக்கிறது. 1948ல் இதை அவர் வெளியிட்டார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பரம்பரை நோய்களுக்குக் காரணம் ஏதோ ஒரு நொதி இல்லாமல் போவதுதான் என்று இங்கிலாந்தின் ஆர்ச்சிபால்ட் கேரட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊகித்திருந்தார். இந்த நோய்க்கு இந்த நொதி என்று கையை வைத்துக் காட்டியதில் கிப்சன்தான் முன்னோடி. 1952ல் கோரி தம்பதியர் வேறொரு நோயில் இதையே காட்டியபோது, பெயர் பெரும்பாலும் அவர்களுக்குப் போய்விட்டது. கோரி தம்பதியர் அதற்குள் நோபல் பரிசு வாங்கியவர்கள். சின்ன ஊரில் செய்த பெரிய வேலைகளுக்கு இப்படித்தான் நேர்கிறது.

மீண்டும் கென்டக்கிக்கு வருவோம். அலாஸ்காவின் பழங்குடி மக்களிடையே இதே குறை பரம்பரையாக வருவதை ஈ. எம். ஸ்காட் என்பவர் கண்டுபிடித்து 1960ல் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கவேனுக்குப் பொறி தட்டியது. இரத்தத்தைச் சோதித்தார். அதே நொதிதான் குறைவு! அந்தக் காலத்தில் அதற்கு டயபோரேஸ் என்று பெயர்.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். நீல மனிதர்களுக்கு நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஆனாலும் அந்த அண்ணனும் தங்கையும் சம்மதித்தார்கள். 100 மில்லிகிராம் மெத்திலீன் நீலம் உள்ளே போனது. சில நிமிடங்களில் தோலின் நீலம் மறைந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவர்கள் சிவந்த நிறத்துக்கு வந்தார்கள்!

சாயம் சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. சிறுநீர் நீலமாகப் போவதைப் பார்த்த ஒரு முதியவர், தன் தோலின் நீலம்தான் கரைந்து வெளியேறுகிறது என்று சந்தோஷப்பட்டாராம். (ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்ற வேறொரு நொதி குறைந்தவர்களுக்கு இந்தச் சாயம் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். எல்லோருக்கும் ஆகிற மருந்தல்ல.)

இந்தக் குறை அங்கே எப்படி வந்தது? 1820 வாக்கில் மார்ட்டின் ஃபுகேட் என்பவர் ட்ரபிள்சம் கிரீக் என்ற ஓடைக்கரையில் குடியேறினார். அவர் மனைவி எலிசபெத் ஸ்மித். இது ஒடுங்கு மரபணு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். எங்கிருந்தோ வந்த ஒருவரும் அவர் மணந்த பெண்ணும் ஒரே அரிய மரபணுவைச் சுமந்திருந்தது என்ன மாதிரியான தற்செயல்! ஏழு குழந்தைகளில் நால்வர் நீலம் என்று குடும்ப வரலாறு சொல்கிறது. ரோடு கிடையாது, ரயில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்கள்தான். உறவுக்குள்ளேயே கல்யாணம் நடந்துகொண்டே இருந்தது. இதை வைத்து வெளியூர்க்காரர்கள் அந்த மக்களைக் கேலி செய்தது நிறைய. அத்தை மகளையும் மாமன் மகளையும் முறைப்பெண் என்று கொண்டாடும் நமக்கு அந்தக் கேலியில் சேர உரிமை இல்லை.

அந்த நொதியின் முழு அடையாளம், சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்று, 1971ல் தெளிவானது. அதற்குள் சாலைகள் வந்து, இளைஞர்கள் மலையை விட்டு இறங்கி வெளியில் மணம் முடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நீலம் அரிதாகிப் போனது.

1975ல் ஹசார்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை கருநீலமாகப் பிறந்தது. பதறிப்போன மருத்துவர்கள் அதை லெக்சிங்டனுக்கு அனுப்பி, இரத்தம் மாற்ற ஏற்பாடு செய்தார்கள். அப்போது குழந்தையின் பாட்டி, ட்ரபிள்சம் கிரீக்கின் நீல ஃபுகேட்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்று கேட்டார். அப்பா வழியில் ஒரு பாட்டி அந்த வம்சம்! இரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. சில வாரங்களில் குழந்தை சாதாரண நிறத்துக்கு வந்துவிட்டது. பிறகு குளிரும்போதும் கோபம் வரும்போதும் மட்டும் உதடும் விரல் நுனியும் லேசாக நீலம் காட்டும்.