கடைசி வருட ப்ராஜெக்ட் எங்கிருந்து வந்தது?



என்னிடம் அ, ஆ படித்த உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது பொறியியல் கடைசி வருடத்தில் இருக்கிறார்கள். "ப்ராஜெக்ட்டுக்கு எவ்வளவு ஆகும் சார், விசாரித்துச் சொல்லுங்களேன்" என்று சிலர் கேட்கிறீர்கள். ரெடிமேட் சட்டை வாங்குவதுபோல் ப்ராஜெக்ட்டையும் கடையில் வாங்கும் பழக்கம் அந்த அளவுக்கு வேரூன்றிவிட்டது. இந்த ப்ராஜெக்ட் எதற்காக ஏற்பட்டது என்ற வரலாறு தெரிந்தால், அதை விலைக்கு வாங்க மனம் வராது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் தொழிற்சாலையில் வேலை செய்வார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். தொழிலின் சூட்சுமம் தொழில் நடக்கும் இடத்தில்தான் பிடிபடும் என்பது அவர் கருத்து.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காற்று திசை மாறியது. ரேடார், அணுசக்தி என்று புதிய துறைகள் வந்தன. இவற்றுக்குப் பழைய பட்டறைப் பயிற்சி போதாது என்ற எண்ணம் பரவியது. 1955-ல் கிரிண்டர் என்பவர் தலைமையிலான குழு, பொறியியல் படிப்பில் கணிதமும் அறிவியலும் கூடுதலாக வேண்டும் என்று அறிக்கை தந்தது. இரண்டு வருடத்தில் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் அந்த வேகம் இன்னும் கூடியது. பட்டறையும் வரைபடப் பலகையும் ஓரமாய் ஒதுங்கின. அறிக்கை சொன்னதில் தவறில்லை. ஆனால் சமன்பாடு போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு, "இதைச் செய்ய எவ்வளவு செலவாகும், கெட்டுப்போனால் யார் பழுது பார்ப்பார்" என்று யோசிக்கப் பழக்கம் இல்லாமல் போனது.

இதற்கு ஒரு சிறிய கல்லூரி வழி கண்டது. கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் என்ற ஊரில் உள்ள ஹார்வி மட் கல்லூரி. ஜாக் ஆல்ஃபோர்ட், மாக் கில்கெசன் என்ற இரு பேராசிரியர்கள் 1963-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கிளினிக்'. மருத்துவ மாணவன் நிஜ நோயாளியைப் பார்த்துத்தானே வைத்தியம் கற்கிறான்? பொறியியல் மாணவனுக்கும் நிஜப் பிரச்சினையைக் கொடுப்போம் என்றார்கள்.

ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள தீராத சிக்கல் ஒன்றைக் கொண்டுவரும். அதற்காகக் கல்லூரிக்குக் கட்டணமும் கட்டும். நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு கல்வியாண்டு முழுக்க அதில் உழைப்பார்கள். பேராசிரியர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவார். வேலையைச் செய்து தரமாட்டார். நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தொடர்பில் இருந்து, எங்கே வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முடிவில் எல்லோர் முன்னும் நின்று விளக்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கட்டணம். பணம் கொடுத்தவன் பதிலுக்குக் காத்திருப்பான். தேர்வுத்தாளின் கேள்விக்கு விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அதனால் பிள்ளைக்குப் பயமும் வரும், பொறுப்பும் வரும்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்தவன். எங்களையும் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நோட்டில் அழகாக எழுதிய பாடத்திட்டம், ஒரு குழந்தை எழுந்து "ஏன் சார்?" என்று கேட்டதும் ஆட்டம் கண்டுவிடும். அங்கேதான் ஆசிரியர் பிறக்கிறார். அதனால் இந்த முறை எனக்கு எளிதில் விளங்கியது.

குறை சொல்பவர்களும் உண்டு. குறைந்த செலவில் மாணவர்களிடம் வேலை வாங்கிக்கொள்ளும் தந்திரம் ஆகாதா என்பார்கள். நியாயமான கேள்விதான். பலனும் பெரும்பாலும் பணம் கட்டிய நிறுவனத்துக்கே உரிமையாகிறது. அதனால் எந்தச் சிக்கலை எடுப்பது, அதில் பிள்ளைகள் கற்க என்ன இருக்கிறது என்று பேராசிரியர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

காலப்போக்கில் மற்ற கல்லூரிகளிலும் இத்தகைய திட்டங்கள் வந்தன. அங்கே பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் 'ஏபெட்' அமைப்பு, 2000-ஐ ஒட்டி வந்த புதிய விதிகளில், ஒவ்வொரு மாணவரும் நிஜ நிபந்தனைகளுக்கு உட்பட்ட பெரிய வடிவமைப்பு வேலை ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்றது. அதை அங்கே 'கேப்ஸ்டோன்', அதாவது உச்சிக்கல், என்று அழைக்கிறார்கள். நம் மொழியில் கோபுரக் கலசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. பிலானி பிட்ஸ் நிறுவனம் 1973-லேயே மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் 'பிராக்டீஸ் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பும் பட்டறையையும் வகுப்பையும் சேர்த்துக் கட்டியதுதான்.

கட்டாத கோபுரத்துக்குக் கலசம் மட்டும் வாங்கி வைத்தால் எங்கே நிற்கும்? வாங்கிய ப்ராஜெக்ட்டைப் பற்றி நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வி வந்ததுமே பிள்ளை விழிக்கிறான்.

உங்களில் லேத் பட்டறை, மில், பண்ணை, மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தினமும் தலைவலி தரும் ஒரு பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் துறைத்தலைவரிடம் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அது முழுதாகத் தீராவிட்டாலும், நான்கு நல்ல பொறியாளர்கள் உருவாவார்கள்.

எல்லோரும் நலமுடன் வாழ்க.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்