அச்சு வடிகட்டி

அச்சு வடிகட்டி என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், அச்சிட அனுப்பப்படும் கோப்பை அச்சுப்பொறி ஏற்கும் வடிவத்திற்கு மாற்றும் நிரலாகும். பெயர் இவ்வாறிருப்பினும் இதன் முதன்மைப் பணி நீக்குவதன்று, மாற்றுவதே. 1999 இல் வெளிவந்த கப்ஸ் அச்சு அமைப்பு, கோப்பின் வகையை அறிந்து தேவையான வடிகட்டிகளைத் தானே சங்கிலியாகக் கோக்கிறது.

தமிழ் உரை

ஏ2பிஎஸ் போன்ற பழைய உரை வடிகட்டிகள் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து எனக் கொண்டவை. தமிழுக்கு இது பொருந்தாது. தென்காசி மாவட்டத்து ஊர்ப்பெயரான "கடையம்" என்பதில் எழுத்துகள் 4, ஒருங்குறியில் குறியெண்கள் 6, யூ.டி.எப்-8 முறையில் பைட்டுகள் 18. மேலும், இதிலுள்ள ஐகாரக் குறி டகரத்திற்குப் பின் சேமிக்கப்படுகிறது. ஆனால் அதற்கு முன் அச்சாக வேண்டும். இவ்வொழுங்கை அறியாத வடிகட்டி, திரையில் சரியாகத் தெரிந்த உரையையும் தாளில் சிதைத்துவிடும். எழுத்துகளை முறைப்படி கோக்கும் பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்துவதால் பாப்ஸ் என்னும் வடிகட்டியில் இச்சிக்கல் எழுவதில்லை. கணினியில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருத்தல் வேண்டும்.

முன்தோற்றம்

உரைதிருத்தியில் காண்பது வடிகட்டிக்கு முந்தைய நிலையாகும். வடிகட்டியின் வெளியீட்டை அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் கோப்பாகச் சேமித்துத் திறந்தால், தாளில் விழப்போவதைக் காணலாம். கப்ஸ் 2 உடன் வரும் கப்ஸ்பில்டர் கட்டளை, கோப்பை அச்சு வரிசையில் சேர்க்காமலே பி.டி.எப் ஆக மாற்றித் தரும். நூறு பக்க ஆவணமாயின் முதற்பக்கத்தை மட்டும் இவ்வாறு சோதித்தாலே பெரும்பாலும் பிழை தெரிந்துவிடும்.