நிறுத்தும் கைக்கு ஒரு துணை: ஆன்டிபயாடிக் அறிவுரையை மருத்துவர் ஏற்பது பற்றி

மருத்துவமனையின் ஆன்டிபயாடிக் மேலாண்மைக் குழு சொல்வது பெரும்பாலும் எளிய செய்திதான்: கல்ச்சர் முடிவு வந்துவிட்டது, மெரோபெனெமை விட்டு எளிய மருந்துக்கு மாறலாம், போட்ட நாள் போதும், நிறுத்தலாம். சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. பழைய மருந்தும் தொடர்கிறது. இதை அறியாமை எனக் கொண்டு வகுப்பு நடத்துகிறோம், வழிகாட்டி அச்சிடுகிறோம். நிறுத்துவதன் சுமையைச் சிகிச்சை மருத்துவர் தனியே தாங்கும்வரை, எவ்வளவு கற்பித்தாலும் அறிவுரை செயலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எஸ்மிதா சரணியும் உடன் ஆய்வாளர்களும் இலண்டன் மருத்துவமனைகளில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதற்சான்று. ஒருவர் எழுதிய மருந்தில் இன்னொருவர் கைவைக்கத் தயங்கும் எழுதப்படாத மரபை அது இனங்கண்டது. இளைய மருத்துவர்கள் கொள்கை ஆவணத்தைவிட மூத்தவரின் வழக்கத்தையே பின்பற்றினர். 2019இல் அவர் குழு வெளியிட்ட கள ஆய்வில், பொது மருத்துவப் பிரிவு மருந்து முடிவுகளைப் பலரும் கூடிப் பேசி எடுத்தது. அறுவைப் பிரிவிலோ மூத்தவர்கள் தியேட்டரில் இருக்க, முடிவு இளையவர் தலையில் விழுந்தது; அவர்கள் தற்காப்பாக மருந்தை நீட்டினர். கலந்து பேச ஆள் இருந்ததா என்பதே இங்கு முக்கியமான வேறுபாடு.

அந்தத் தற்காப்புக்குக் காரணம் உண்டு. மருந்தை நிறுத்திய இரவே காய்ச்சல் ஏறினால், நிறுத்தியவர் பெயர் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. தேவையின்றித் தொடர்ந்ததால் கிருமிகளில் வளரும் எதிர்ப்புத்திறனுக்கோ யார் பெயரும் இல்லை. 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் நேரடியாக ஏறத்தாழ 12.7 இலட்சம் உயிர்களைப் பறித்ததாக 2022இல் லான்செட் இதழ் வெளியிட்ட உலக மதிப்பீடு கூறுகிறது. அந்த இறப்புகளில் எதுவும் எந்த ஒரு மருந்துச்சீட்டின் கணக்கிலும் ஏறவில்லை.

அச்சம் இயல்பானது, ஆனால் சான்று அதற்குத் துணைநிற்கவில்லை. 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 221 ஆய்வுகளை அலசியது. மேலாண்மை முயற்சிகளால் கொள்கைப்படி மருந்து பெற்றோர் 43 விழுக்காட்டிலிருந்து 58ஆக உயர்ந்தனர். மருந்துக்காலம் ஏறத்தாழ 2 நாள் சுருங்கியது. இறப்போ முயற்சி நடந்த தரப்பிலும் நடக்காத தரப்பிலும் 11 விழுக்காடு.

அப்படியானால் முன்அனுமதி இல்லாமல் உயர்மருந்து தராமல் பூட்டிவைத்தால் போதாதா? கட்டுப்பாடு பலன் தருவது உண்மையே. ஆனால் அது சிகிச்சையைத் தாமதப்படுத்தலாம், தொற்றுநோய் வல்லுநருக்கும் வார்டு மருத்துவருக்கும் இடையிலான நம்பிக்கையைக் குலைக்கலாம் என்று அதே தொகுப்பாய்வு எச்சரிக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ குழந்தைகள் மருத்துவமனை வேறு வழி கண்டது. மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து மருந்துச்சீட்டுகளைப் பார்வையிட்டு, வார்டுக்கே நடந்துபோய் நேரில் பேசினர். முன்அனுமதி முறை இல்லாமலே ஆன்டிபயாடிக் பயன்பாடு சுமார் 11 விழுக்காடு குறைந்தது.

இந்தியாவில் ஆன்டிபயாடிக் எதிர்ப்புத்திறனைச் சமாளிக்க வழிகாட்டிய 2012இன் சென்னைப் பிரகடனம், குறையற்ற கொள்கைக்குக் காத்திராமல் நடைமுறைக்கு ஏற்றதைத் தொடங்கச் சொன்னது. அந்த வழியில் மூன்று செயல்கள் போதும். மருந்து தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மேலாண்மைக் குழு மருத்துவர் ரவுண்ட்ஸில் உடன் நிற்க வேண்டும். நிறுத்தும் முடிவில் அவரும் கையெழுத்திட வேண்டும். காய்ச்சல் திரும்பினால் அந்த இரவிலும் அவரைத் தொலைபேசியில் அழைக்க முடிய வேண்டும். அறிவுரை சொன்னவர் விளைவிலும் பங்கேற்கும்போதுதான், கேட்பவரின் கை மருந்தை நிறுத்தத் துணியும்.