தந்திக் கம்பியும் பயின்ற கையும்



கொழும்பில் மகன் பேசுவதைக் கல்முனையில் இருக்கும் தாய் அக்கணமே கேட்கிறாள். நாம் கருவியை வியக்கிறோம். அதனைப் பழுதின்றிக் காப்பவனை எண்ணுவதில்லை. அவன் தன் தொழிலைக் கற்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கையின் முதல் தந்திப் பாதை கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் அமைந்தது. தந்தி வாங்குபவன் முதலிற் பழக்க வேண்டியிருந்தது தன் காதை. கருவி எழுப்பும் குறிலும் நெடிலுமான ஒலிகளை அவன் எழுத்துகளாக உணர வேண்டும். கம்பியைக் காப்பவனுக்கோ கணக்கும் வேண்டும். எங்கோ ஒரு கம்பி நிலத்தைத் தொட்டு மின்னோட்டம் கசிந்தால், நிலையத்தில் இருந்தபடியே மின்தடையை அளந்து, பழுது எத்தனை மைலுக்கு அப்பால் என்று கணித்துவிடலாம். அளக்கத் தெரியாதவன் கம்பம் கம்பமாக நடந்து தேட வேண்டியதுதான்.

1893இல் மருதானையில் அரசினர் தொழினுட்பப் பாடசாலை தொடங்கியது. பின்னர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய துணைவர்களும், கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு பரீட்சார்த்த ஒலிபரப்புச் செய்தனர். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பிறந்தது. வானொலியே தந்திக்காரர் பெற்ற பிள்ளை என்றால் மிகையாகாது.

ஆனால் இக்கல்வி கிழக்குக் கரைக்கு எளிதில் எட்டவில்லை. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்ததே 1928இல்தான். கல்முனைக்கு அது வரவேயில்லை. கொழும்பைச் சேர்ந்தாலும் பாடம் ஆங்கிலத்தில். தமிழில் பயின்ற ஏழை மாணவனுக்குத் தூரம் ஒரு சுவர். மொழி மற்றொரு சுவர்.

அத்தொழிலின் அருமையை 2004 டிசம்பர் 26 உணர்த்திற்று. ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகள் சிதைந்தன. உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறிய வெளியூரில் இருந்தோர் தவித்தனர். அத்தகைய வேளையில் ஓர் இணைப்பை மீட்பவன் ஒரு குடும்பத்தின் மூச்சையே மீட்கிறான்.

இன்று நிலை மாறியிருக்கிறது. அயலூரான சம்மாந்துறையில் தொழினுட்பக் கல்லூரி உண்டு. ஒலுவிலில் 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பின்னர் பொறியியற் பீடமும் அமைந்தது. தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கைவினையாய்த் தொடங்குபவன் பட்டம் வரை ஏறலாம்.

செப்புக் கம்பியின் இடத்தில் இன்று கண்ணாடி இழை ஓடுகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒரு பங்கு. அதன் மேலுறையை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியால் உருக்கி இணைத்து, ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். தூசி ஒன்று படிந்தாலும் இணைப்புக் கெடும். அறுந்த நூலை முடிச்சுத் தெரியாமல் இணைக்கும் மருதமுனை நெசவாளரின் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

மேசை உத்தியோகமே மேன்மை என்று கருதும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கருவிகள் மாறும்; காதாற் கேட்டு, கருவியால் அளந்து, கையாற் திருத்தும் பயிற்சி மாறாது. அக்கல்வி பெற்றவர் ஊரில் இருக்கும்வரை, புயலோ அலையோ எது வந்தாலும் ஊர் நெடுநாள் ஊமையாக இராது.