நகர மறுசீரமைப்பில் முத்தரப்புக் கூட்டு: நஞ்சன்கூட்டுக்குப் பெங்களூரு தரும் பாடம்

மைசூருவுக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் கபினி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலால் புகழ்பெற்ற நகரம். நெஸ்லே உள்ளிட்ட ஆலைகள் இயங்கும் தொழில் பகுதியும் இதுவே. பக்தர்களின் வருகை, தொழில் வளர்ச்சி, ஆற்று வெள்ளம் ஆகிய மூன்றையும் சமாளிக்க வேண்டிய இத்தகைய நகரங்களுக்கு நகராட்சியின் வருவாய் மட்டும் போதுவதில்லை. இதனால் அரசு, தனியார், தன்னார்வ அமைப்புகள் ஆகிய மூன்றும் கைகோக்கும் முறை பேசப்படுகிறது. அதன் வலிமை, குறை இரண்டையும் உணர்த்தும் முன்னுதாரணம் கர்நாடகத்திலேயே உள்ளது.

பெங்களூரு அனுபவம்

முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணாவின் ஆட்சியில், 1999-ஆம் ஆண்டு பெங்களூரு செயல்திட்டப் பணிக்குழு அமைக்கப்பட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி அதற்குத் தலைமை வகித்தார். தொழில்துறையினரும் சமூக ஆர்வலர்களும் உறுப்பினர்களாக இடம்பெற்றனர். மாநகராட்சி, குடிநீர் வாரியம், காவல்துறை உள்பட 7 அரசு அமைப்புகள் பொது மாநாடுகளில் தங்கள் இலக்குகளை அறிவித்து, முன்னேற்றத்தையும் மக்கள் முன் விளக்கின.

சொத்து வரியை உரிமையாளரே கணக்கிட்டுச் செலுத்தும் முறை 2000-இல் அறிமுகமானது. மாநகராட்சியின் வருவாய் உயர அது உதவியது. இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் பொதுக் கழிப்பறைகளும் கட்டப்பட்டன.

எனினும், 2004-இல் ஆட்சி மாறியதும் பணிக்குழு செயலிழந்தது. சட்டத்தால் அன்றி அரசாணையால் உருவானதால், ஆதரித்த அரசு விலகியதும் அது நிலைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர்களும் ஏழை மக்களும் ஓரங்கட்டப்பட்டனர் என்ற விமர்சனமும் எழுந்தது.

சட்டம் வகுக்கும் வழி

நகரத் திட்டமிடல், குடிசைப் பகுதி மேம்பாடு உள்ளிட்ட 18 பொறுப்புகளை உள்ளாட்சிகளுக்கு உரியவையாக அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை பட்டியலிடுகிறது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தத்தின் மூலம் இந்த அட்டவணை சேர்க்கப்பட்டது.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-இன்படி, நகர விற்பனைக் குழுவின் நியமன உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளாகவும், 10 சதவீதத்தினர் தன்னார்வ, சமூக அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். கோயில் வீதிகளில் கடை போடுவோரை அகற்றவோ இடம் மாற்றவோ முற்படும் எந்தச் சீரமைப்புத் திட்டத்துக்கும் இச்சட்டம் பொருந்தும்.

நிதிக்கும் வழி உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன்கீழ், குறிப்பிட்ட வரம்பை எட்டும் நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாங்கள் செயல்படும் பகுதிக்கு முன்னுரிமை அளிக்கவும் அச்சட்டம் கூறுகிறது.

முடிவு யார் கையில்?

ஆலைகள் அருகிலேயே இருப்பதால் நஞ்சன்கூட்டுக்கு இந்நிதி பயன்படக்கூடும். ஆனால், நிறுவனம் பணம் தருவதாலோ தன்னார்வ அமைப்பு திட்டம் வரைவதாலோ முடிவெடுக்கும் உரிமை அவற்றுக்குச் சென்றுவிடாது. எந்த வீதி முதலில், யாருடைய கடை எங்கே, பராமரிப்புச் செலவு யாருடையது என்பவற்றை நகர்மன்றம் வெளிப்படையாகத் தீர்மானித்துப் பதிவு செய்தால்தான், ஆட்சி மாறினாலும் பணி தொடரும் என்பதே பெங்களூரு அனுபவம் தரும் பாடம்.