தரைப் பலகைக்கு அடியில் பாதரசம்: ஹோபோக்கன் கட்டடத்தின் கதை

இன்னைக்கு ஒரு கட்டடத்தோட கதை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன்னு ஒரு சின்ன நகரம். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் மன்ஹாட்டன். அங்கே கிராண்ட் தெருவில் ஐந்து தளங்கள் கொண்ட பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1993-இல் கலைஞர்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து அதை வாங்கினார்கள். விசாலமான இடம், நல்ல வெளிச்சம். படம் வரையிறவங்களுக்கு வேற என்ன வேணும்? வீடும் ஸ்டூடியோவுமாகப் பிரித்துக்கொண்டு குழந்தைகளோடு குடியேறினார்கள்.

கடைசியாக அங்கே நடந்தது டூல் அண்ட் டை பட்டறை. சரி, அதுக்கு முன்னாடி?

பீட்டர் கூப்பர் ஹெவிட் என்பவர் 1901-இல் பாதரச ஆவி விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். நீலமும் பச்சையும் கலந்த வெளிச்சம். அதில் சிவப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதன் கீழே நின்றால் உயிருள்ள முகமும் பிணக்களையாகத் தெரியும். வீட்டுக்கு ஆகாது. ஆனா தொழிற்சாலைகளிலும் போட்டோ ஸ்டூடியோக்களிலும் நல்லா ஓடுச்சு. அந்த விளக்குகளை இந்தக் கட்டடத்தில்தான் செய்தார்கள். பிறகு அந்தத் தொழில் ஜெனரல் எலக்ட்ரிக் கைக்குப் போனது.

பாதரசம் சிந்தினால் துடைத்து எடுக்க முடியாது. முத்து முத்தாக உருண்டு பலகை இடுக்கில் இறங்கிவிடும். சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கும்.

1995-இல் தரைக்கு அடியில் பாதரசம் தேங்கிக் கிடந்தது தெரியவந்தது. குடியிருந்த 29 பேரின் சிறுநீரைச் சோதித்ததில், 20 பேருக்கு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் மேல். 1996 ஜனவரியில் எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று.

நம்ம ஊரில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்போம் இல்லையா? யார் யாருக்கு விற்றார், எந்த பேங்கில் அடமானம் இருக்கு, எல்லாம் அதில் வரும். அந்த இடத்தில் என்ன வேலை நடந்தது என்பது வராது. அமெரிக்காவில் 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்படி, அழுக்கு செய்தவர் யாராக இருந்தாலும், இன்றைய உரிமையாளர் தலையிலும் செலவு விழலாம். முன்கூட்டியே ஒழுங்காக விசாரித்து வாங்கியவருக்கு 1986 திருத்தம் ஒரு பாதுகாப்பு கொடுத்தது. 'ஒழுங்காக' என்றால் எப்படி என்று ஏஎஸ்டிஎம் அமைப்பு முதல்முதலாக எழுதி வெளியிட்டது 1993-இல். ஆமா, அதே வருஷம்தான்!

அந்த விசாரணையில் எனக்கு ரொம்பப் பிடித்தது சான்போர்ன் வரைபடங்கள். தீக்காப்பீட்டுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வரைந்தவை. எந்தக் கட்டடத்தில் என்ன தொழில், சுவர் செங்கல்லா மரமா என்பதுவரை குறித்து வைத்திருப்பார்கள். நெருப்புக்குப் பயந்து எழுதிய குறிப்பு, இன்னைக்கு விஷத்தைக் கண்டுபிடிக்க உதவுது. ஆனால் இந்த முதல் கட்ட ஆய்வு காகிதத்தையும் கண்ணால் பார்ப்பதையும் நம்பித்தான் நடக்கும். மண்ணையோ காற்றையோ எடுத்துச் சோதிக்காது. பழைய தொழில் என்னவென்று தெரிந்தால்தான், பலகையைப் பெயர்த்துப் பார்க்கணும்னே தோணும்.

ஹோபோக்கன் கட்டடம் 1997-இல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தது. குடியிருந்தவர்கள் திரும்பி வரவே இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டு, அடியில் இருந்த மண்ணையும் தோண்டி எடுத்தார்கள்.