எல்லை கடந்த அதிகார வரம்பு

ஒரு நாட்டின் நீதிமன்றம் தன் நிலத்துக்கும் ஆட்புலக் கடலுக்கும் அப்பால் தனியாட்கள் செய்த செயலை விசாரிக்கும் உரிமை. குடியுரிமை, கப்பலின் கொடி, பாதிப்பு நேர்ந்த இடம் ஆகியவற்றை ஒட்டி இது எழும். இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 1(5) பிரிவு பொருந்தும். வழக்கை நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

கடல் எல்லையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கிறது. சுண்ணாம்புக்குளத்து மீனவர் பழவேற்காட்டு முகத்துவாரம் கடந்து போனால் ஏறத்தாழ 22 கி.மீ.யில், அதாவது 12 கடல் மைலில், ஆட்புலக் கடல் முடியும். அங்கே கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் கிடையாது. 24 கடல் மைல் வரை அண்மை மண்டலம், 200 வரை தனிப் பொருளாதார மண்டலம்.

முக்கிய வழக்கு என்ரிகா லெக்சி. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு 20.5 கடல் மைல் அப்பால், அப்பெயர் கொண்ட இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டதில் செயின்ட் ஆன்டனி படகிலிருந்த மீனவர் இருவர் இறந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். ஆட்புலக் கடலுக்கு வெளியே கேரளத்துக்கு அதிகாரமில்லை, ஒன்றியத்துக்கே உண்டு என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சுட்டவர்கள் இத்தாலிய அரசுப் படையினர் என்பதால் இந்திய விசாரணையிலிருந்து அவர்களுக்கு விலக்குண்டு என 2020இல் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் முடிவு செய்தது. தனியார் காவலருக்கு இவ்விலக்கு பொருந்தாது. ரூ.10 கோடி இழப்பீட்டுடன் 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.